பழைய தளபாடத்தில் பெயின்ற் துளியா? அறிகுறியைப் பார்த்து அகற்றும் வழி

தைப்பொங்கலுக்கு முந்திய இரண்டு கிழமைகளிலும், புத்தாண்டுக்கு முந்திய பங்குனி மாதத்திலும், கொழும்பில் எங்களவர் வீடுகளில் சுவருக்குப் பெயின்ற் அடிக்கும் வேலை மும்முரமாக நடக்கும். அதற்கு அடுத்த கிழமைகளில் எனக்குப் படங்கள் வரத் தொடங்கும்: பாட்டனாரின் சாய்மனைக் கதிரையின் கையில் வெள்ளைத் துளிகள், முதிரை அலுமாரியின் தலைப்பில் பனி தூவியதுபோல் நுண்பொட்டுகள், தேக்குப் பெட்டகத்தின் மூடியில் ஒரு பச்சைக் கோடு. பல வருடங்களாக உறவினருக்கும் அயலவருக்கும் இவற்றை அகற்றிக் கொடுத்து வருகிறேன். நான் பார்த்தவற்றில் பெரும்பாலான துளிகள் மரத்தைத் தொட்டிருக்கவே இல்லை. மரத்தின் மேலுள்ள பொலிஷில் உட்கார்ந்திருந்தன. மரத்துக்குச் சேதம் வந்த இடங்களில் அதைச் செய்தது துளியன்று, அதை அகற்றப் போன கைதான்.

வெள்ளவத்தையில் ஒரு மாமி தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, கொஞ்சம் தின்னர் போட்டுத் துடைச்சால் போகாதோ?" போகும். அதோடு அறுபது வருடப் பொலிஷும் போகும். என் தாயாரின் பக்க மேசையில் நானே ஒருமுறை அப்படிச் செய்து, சில்லறைக் காசளவு துளிக்காகச் சோற்றுக்கோப்பை அளவு வெளிறிய வட்டத்தை உண்டாக்கியிருக்கிறேன். ஆகவே கீழேயுள்ள அறிகுறிகளுக்குப் போகுமுன் இரண்டு சோதனைகளைச் செய்துவிட வேண்டும். இரண்டுக்கும் பத்து நிமிடம் போதும்.

முதலில்: துளிக்கு அடியில் என்ன பூச்சு இருக்கிறது?

கதிரையின் அடிப்பக்கம், இழுப்பறையின் உள்விளிம்பு, அலுமாரியின் பின்கால் என்று கண்ணில் படாத, ஆனால் மேற்பரப்பைப் போலவே பூச்சுப் பெற்ற ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை மருந்துக்கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து, அந்த இடத்தில் அரை நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் மண்ணிறம் ஏறினால் அது அரக்கில் செய்த பிரெஞ்சுப் பொலிஷ். பழைய தளபாடங்களில் இதுவே அதிகம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல், தின்னர் தொட்டதும் இளகினால் அது லக்கர், அதாவது விசிறி அடிக்கும் மினுக்குப் பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பொலியூரத்தேன். டேர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்தபோது துணி மஞ்சளாகி, துடைத்த இடம் மங்கினால், மேலே மெழுகு இருக்கிறது. அந்த மெழுகுக்கு அடியில் வேறொரு பூச்சும் இருக்கலாம் என்பதால், மெழுகைத் துடைத்தபின் ஸ்பிரிட் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சில நிமிடங்களில் மரத்துக்குள் ஊறிவிட்டால் அங்கே பூச்சே இல்லை, அல்லது எண்ணெய் மட்டும் பூசப்பட்டிருக்கிறது.

அடுத்தது: துளி எந்தப் பெயின்ற்?

நகத்தால் அழுத்தும்போது றப்பரைப் போல் சற்று அமுங்கி, மேற்பரப்பு மங்கலாக இருந்தால் அது சுவருக்கு அடிக்கும் இமல்ஷன். கண்ணாடி போல் மினுங்கி, நகத்துக்கு அசையாவிட்டால் கதவு, யன்னல், கிறிலுக்கு அடிக்கும் எனமல். நகத்தில் மாவாக உதிர்ந்தால் டிஸ்டெம்பர் (நீரில் கரைத்து அடிக்கும் சுவர்ப்பூச்சு) அல்லது சுண்ணாம்பு. ஒரு சொட்டு வினாகிரியில் நுரைத்தால் சுண்ணாம்பு. இவற்றுக்குள் அடங்காவிட்டால் வீட்டில் அண்மையில் அடித்த பெயின்ற் வாளியின் முகப்பைப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் எளிய சோதனை. அந்த வாளி பெரும்பாலும் இன்னும் குளியலறை மூலையில் இருக்கும்.

அறிகுறி 1: துளி இன்னும் ஈரமாக, அல்லது ஒட்டும் பதத்தில் இருக்கிறது

இமல்ஷன் என்றால், ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, துளியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் துளி கோடாகிவிடும். எனமல் என்றால் அதே வேலையை டேர்பன்டைனில் நனைத்த துணியால் செய்யலாம். நன்றாகக் காய்ந்து பழகிய அரக்கு, லக்கர், வார்னிஷ் ஆகிய மூன்றையும் டேர்பன்டைன் கரைக்காது. மெழுகை மட்டும் எடுக்கும், அதைப் பிறகு பூசிக்கொள்ளலாம். பெயின்ரர் கையோடு தின்னர்த் துணியை நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

அறிகுறி 2: மங்கலான, காய்ந்த துளி, நகத்துக்குச் சற்று அமுங்குகிறது

காய்ந்த இமல்ஷன் இது. எனக்கு வரும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். எந்தப் பூச்சாக இருந்தாலும் முதற்படி ஒன்றே: துளியின் அளவுக்குப் பஞ்சை உருட்டி, ஒரு சொட்டுச் சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, துளியின் மேல் ஐந்து நிமிடம் வைத்து, பிறகு பழைய வங்கி அட்டையின் விளிம்பால் மரநாரின் போக்கிலேயே மெதுவாகத் தள்ள வேண்டும். சிரட்டைத் துண்டொன்றைச் சீவி விளிம்பு கட்டினால் அது அட்டையைவிட நன்றாக வேலை செய்கிறது. விறைப்பு உண்டு, ஆனால் பொலிஷைக் கீறும் கூர்மை இல்லை. துளி முழுதாகக் கழன்று வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் இன்னும் இரண்டு முறை இதையே செய்யலாம். நீரை ஊற்றவோ, ஈரத்துணியை மணிக்கணக்கில் போட்டுவைக்கவோ கூடாது; பழைய மூட்டுகளில் இருப்பது விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய வச்சிரப்பசை, அது வெந்நீரில் இளகும்.

மூன்று முறைக்குப் பிறகும் துளி நின்றால், அடிப்பூச்சைப் பொறுத்து வழி பிரிகிறது.

*அடியில் வார்னிஷ் அல்லது பொலியூரத்தேன்:* பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துளியின் மேல் மட்டும் வைத்து உருட்ட வேண்டும். இமல்ஷன் பசையாக இளகிப் பஞ்சில் ஏறும். பஞ்சை அடிக்கடி மாற்றாவிட்டால், எடுத்த நிறத்தையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம்.

*அடியில் லக்கர்:* இதே முறைதான், ஆனால் ஒரு தொடுகைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். ஸ்பிரிட் லக்கரை உடனே கரைக்காது. நேரம் கொடுத்தால் இளக்கும்.

*அடியில் பிரெஞ்சுப் பொலிஷ்:* ஸ்பிரிட் கூடவே கூடாது. துளியைக் கரைப்பதற்கு முன்பே அது பொலிஷைக் கரைத்துவிடும். இங்கே நான் செய்வது, துளியின் மேல் ஆளிவிதை எண்ணெயை ஒரு சொட்டு வைத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, மீண்டும் அட்டையால் தள்ளுவது. அதற்கும் அசையாவிட்டால் அறிகுறி 3இல் வரும் பிளேட் முறைக்குப் போகிறேன்.

*அடியில் பூச்சே இல்லை:* துளியின் நிறம் நாருக்குள் இறங்கியிருக்கும். அறிகுறி 6ஐப் பார்க்க வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேங்காயெண்ணெய் காயாத எண்ணெய். மரத்தின் மேல் பிசுக்காக நின்று தூசியைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் அதற்கு ஓர் ஆபத்து உண்டு: அதில் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும், அல்லது வெளியே விரித்துக் காயவிட வேண்டும். ஸ்பிரிட், டேர்பன்டைன் வேலைகள் நடக்கும் அறையில் குத்துவிளக்கும் நுளம்புத்திரியும் எரியக் கூடாது.

அறிகுறி 3: மினுங்கும், கடினமான துளி, நகத்துக்கு அசையவில்லை

இது எனமல். ஒரு நாளுக்குள் விழுந்ததென்றால் டேர்பன்டைன் நனைத்த பஞ்சைப் பத்து நிமிடம் வைத்துப் பார்ப்பது வீண்போகாது. கிழமைகள், வருடங்கள் கடந்த துளிக்கு டேர்பன்டைனால் எதுவும் செய்ய முடியாது. அதை எத்தனை தரம் தேய்த்தாலும் சுற்றியுள்ள மெழுகுதான் தேயும்.

முதலில் பார்க்க வேண்டியது, துளி தானாகக் கழலுமா என்பதுதான். மெழுகு பூசிய மேற்பரப்பில் எனமல் இறுகப் பிடிப்பதில்லை. துளியின் விளிம்பில் சிரட்டைச் சீவலை வைத்து ஒரு முறை தள்ளினால் ஓடு போலத் தெறித்து வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வராவிட்டால் பிளேட்.

சவர பிளேட் ஒன்றை எடுத்து, அதன் இரு முனைகளிலும் ஒட்டுநாடாவை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இப்போது பிளேட்டின் நடுப்பகுதி மட்டும் திறந்திருக்கும்; நாடா சுற்றிய முனைகள் பொலிஷின் மேல் சறுக்கும், வெட்டும் விளிம்பு நாடாவின் தடிப்பளவு உயரத்தில் துளியை மட்டும் சந்திக்கும். பிளேட்டை ஏறத்தாழ நிமிர்த்திப் பிடித்து, தன்னை நோக்கி, சுரண்டும் பாங்கில் இழுக்க வேண்டும். கத்தியால் சீவுவதைப் போல் படுக்கவைத்துத் தள்ளினால் பொலிஷுக்குள் இறங்கிவிடும். ஒவ்வோர் இழுப்பிலும் மயிரிழை அளவு பெயின்ற் சுருளாக வரும். துளி, நாடாவின் தடிப்பளவுக்குத் தாழ்ந்ததும் பிளேட் வெறுமனே வழுக்கத் தொடங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். எஞ்சியிருக்கும் கடதாசி போன்ற படலத்தை, 1500 இலக்கத் தண்ணீர்ச் சாண்ட்பேப்பரைச் சிறு அழிறப்பரில் சுற்றி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, அந்த இடத்தில் மட்டும் தேய்த்தால் எடுக்கலாம். பிறகு 2000 இலக்கம், அதன் பிறகு மெழுகு. ஐந்தாறு தடவை தேய்த்துவிட்டுத் துடைத்துப் பார்ப்பதும், மீண்டும் தேய்ப்பதுமாகப் போக வேண்டும். அவசரமாக முடிக்க வேண்டிய நாளில் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மேற்பரப்பு மெல்லிய மரத்தகடு ஒட்டியதாக இருந்தால் பிளேட்டை எடுக்கவே வேண்டாம். பலகையின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் தகட்டின் கோடு தெரியும்.

பெயின்ற் அகற்றும் ஜெல் இந்த அறிகுறிக்குக் கடைசி வழி. அது துளியையும் எடுக்கும், அடிப்பூச்சையும் எடுக்கும்; பூச்சைத் திரும்பப் போட ஆயத்தமாக இருந்தால் மட்டும், தீக்குச்சி நுனியால் துளியின் மேல் வைத்து, இரண்டு மூன்று நிமிடத்தில் வழித்தெடுக்க வேண்டும். மெதிலீன் குளோரைட் என்ற இரசாயனம் அடங்கிய ஜெல்லை மூடிய அறையில் பாவித்து உலகின் பல இடங்களில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பல்கணிக் கதவை முழுதாகத் திறந்துவைத்து, தடித்த கையுறையோடு செய்ய வேண்டும். பல்கணி இல்லாதவர்கள் செய்யாமல் விட வேண்டும்.

அறிகுறி 4: மேற்பரப்பு முழுவதும் நுண்பொட்டுகள், கைவைத்தால் சொரசொரக்கிறது

கூரைக்கு றோலரால் அடிக்கும்போது, மூடாமல் விட்ட அலுமாரித் தலைப்பில் இது வரும். பொட்டுகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் ஒவ்வொன்றாகச் சுரண்ட முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் மிகச் சிறிதாகையால் பிடிமானமும் குறைவு. வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் பிழிந்த துணியால் ஒரு சாணளவு இடத்தை ஈரப்படுத்தி, ஒரு நிமிடம் விட்டு, பிளாஸ்டிக் அட்டையைப் படுக்கவைத்து நாரின் போக்கில் வழித்தால் பெரும்பகுதி போய்விடும். எஞ்சியதற்கு, கார்களின் மேல் படிந்த பெயின்ற் தூவலை எடுக்கப் பாவிக்கும் களிமண் கட்டி நன்றாக உதவுகிறது. வாகன உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். மேற்பரப்பை நனைத்துக்கொண்டு அழுத்தாமல் தேய்க்க வேண்டும். துவாரங்கள் திறந்த, பூச்சுத் தேய்ந்த தேக்கில் இதைப் பாவித்தால் களிமண் துவாரத்துக்குள் அடைந்துவிடும்.

இரும்புப் பஞ்சு இந்த வேலைக்கு எல்லோரும் சொல்லும் வழி. அதை ஈரத்தோடு தேக்கிலோ பலாவிலோ தேய்ப்பதை நான் ஏற்பதில்லை. அறுந்த இரும்பிழைகள் துவாரங்களில் தங்கி, ஈரப்பதன் மிகுந்த எங்கள் கடற்கரைக் காற்றில் துருப்பிடித்து, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கரும்புள்ளிகளாகும். வெள்ளைப் புள்ளிகளை எடுக்கப் போய்க் கரும்புள்ளிகளோடு நிற்பதில் பயனில்லை.

அறிகுறி 5: மாவாக உதிரும் வெள்ளைத் தடம்

டிஸ்டெம்பர் என்றால் ஈரத்துணி போதும். சுண்ணாம்பு என்றால் முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டி, பிறகு வினாகிரியில் பாதிக்குப் பாதி நீர் கலந்து பஞ்சால் ஒற்றி, உடனே வெறும் நீரில் துடைத்து உலர்த்த வேண்டும். வெள்ளை போனபின் அவ்விடம் கறுத்துத் தெரிந்தால், அது சுண்ணாம்பின் காரம் மரத்தின் டானினோடு வேலை செய்த தடம்; பெயின்ற் அல்ல. தேய்த்தால் போகாது.

அறிகுறி 6: துளி போய்விட்டது, ஆனால் நாரின் துவாரங்களில் நிறம் நிற்கிறது

தேக்கிலும் மகோகனியிலும் இது சகசம். முதிரை, கருங்காலி போன்ற நெருங்கிய நாருள்ள மரங்களில் அரிது. இமல்ஷனாக இருந்து, அடியில் அரக்கு இல்லையென்றும் தெரிந்தால், ஸ்பிரிட் தொட்ட மென்மையான பற்தூரிகையால் நாரின் போக்கில் தேய்த்து, உடனுக்குடன் துணியால் ஒற்ற வேண்டும். அதன் பிறகும் நிற்கும் பொட்டுகளை மூங்கில் பற்குச்சியின் நுனியால், மூக்குக்கண்ணாடியோ உருப்பெருக்கியோ வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிண்டலாம். ஊசி வேண்டாம், ஊசி நாரையே கிழிக்கும்.

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்று: பத்துப் பதினைந்து நுண்பொட்டுகள் மட்டும் மிஞ்சினால் எடுப்பதை நிறுத்திவிட்டு மறைப்பதே சரி. மெல்லிய சித்திரத் தூரிகையால், மரத்தின் நிறத்துக்குச் சற்றுக் கடுமையான மண்ணிற நீர்வர்ணத்தைப் பொட்டின் மேல் வைத்து, காய்ந்ததும் மெழுகு பூசினால் ஒரு முழத் தூரத்தில் எவருக்கும் தெரியாது. பிடிக்காவிட்டால் பிறகு எடுத்தும்விடலாம். சாண்ட்பேப்பரால் அடியோடு தேய்த்து எடுத்த பழைய மரநிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அறிகுறி 7: செதுக்கு வேலைக்குள், அல்லது பிரம்புப் பின்னலில் பெயின்ற்

செதுக்கலுக்குள் சீவிய மூங்கில் குச்சியும் பஞ்சுக்குச்சியும்தான் கருவிகள். அறிகுறி 2, 3இன் வழிகளே பொருந்தும், நேரம் மட்டும் நான்கு மடங்கு. பள்ளங்களில் கருமையாகப் படிந்திருக்கும் பழைய மெழுகை அழுக்கென்று நினைத்துத் தோண்டக் கூடாது. செதுக்கலுக்கு ஆழம் தருவது அதுதான். பிரம்பில் இமல்ஷன் விழுந்தால் ஈரத்துணியால் இருபுறமும் ஒற்றி, விரல் நகத்தால் உரிக்கலாம். எனமல் என்றால் விட்டுவிட வேண்டும். ஜெல்லும் தின்னரும் பிரம்பைப் பாழாக்கும், பின்னலை மாற்றுவதே அதற்கு வழி.

அறிகுறி 8: துளி போன இடத்தில் வெண்வளையம், அல்லது வெளிறிய திட்டு

வெண்மையாகப் புகைபடிந்ததுபோல் தெரிந்தால் அரக்குப் பொலிஷுக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. முதலில் ஒன்றும் செய்யாமல் இரண்டு நாள், முடிந்தால் மின்விசிறிக்குக் கீழே, காயவிட வேண்டும். பாதி வளையங்கள் தாமாகவே மறைகின்றன. மறையாவிட்டால் ஹெயார் டிரையரை மிகக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்தில் ஆட்டியபடி பிடிக்கலாம். அதற்கும் மறையாதபோது, ஸ்பிரிட் வாசனை மட்டும் மிஞ்சும் அளவுக்குப் பிழிந்த துணியை அந்த இடத்தின் மேல் விமானம் தொட்டு ஏறுவதுபோல் ஒரே ஒரு முறை உரசி எடுக்க வேண்டும். துணி ஓரிடத்தில் நின்றால் அங்கே ஒட்டிக்கொள்ளும்.

வெளிறிய திட்டு என்றால் பூச்சே போய்விட்டது. நூறு மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் 10 முதல் 12 கிராம் வரை அரக்குச் செதிலை ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறு தூரிகையால் திட்டுக்குள் மட்டும் மெல்லிய பூச்சுகளாக, இடையில் ஒரு மணித்தியாலம் விட்டு, நான்கைந்து முறை வைக்க வேண்டும். போன வருடம் கரைத்து மிஞ்சியது கடினமாகக் காயாது. புதிதாகக் கரைக்க வேண்டும். மழை நாளில் இதைச் செய்தால் பூச்சு வெளுத்துப் போகும். கொழும்பில் தை, மாசி மாதங்களின் உலர்ந்த பகல்நேரங்களே இதற்கு ஏற்றவை.

அறிகுறி 9: துளியைச் சுரண்டும்போது அடியில் செம்மஞ்சள் பூச்சோ வேறு நிற அடுக்குகளோ தெரிகின்றன

சுரண்டுவதை உடனே நிறுத்துங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், செம்மஞ்சள் அடிப்பூச்சில் அந்தச் சந்தேகம் இன்னும் கூட. இலங்கையில் பெயின்றின் ஈய அளவுக்குக் கட்டாய வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய எந்த அடுக்கையும் ஈயமுள்ளதென்றே வைத்துக்கொள்கிறேன். உலர்ந்த நிலையில் சாண்ட்பேப்பர் போடக் கூடாது, சூட்டுத் துப்பாக்கி கூடாது, கருவுற்றவர்களும் பிள்ளைகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது. விழுந்த துகள்களைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டி அகற்ற வேண்டும். பிள்ளைத் தொட்டிலிலோ, பிள்ளைகள் வாய்வைக்கும் உயரத்திலுள்ள பொருளிலோ இது தெரிந்தால் அந்தப் பொருளை முதலில் அவர்களிடமிருந்து அப்புறப்படுத்திவிட்டுத்தான் மற்ற யோசனை.

வேலையை வைத்துவிட்டு ஆள் அழைக்க வேண்டிய இடம்

மரத்தகடு ஒட்டியது, தந்தமோ வேறு மரமோ பதித்தது, கருங்காலி அல்லது அதன் இனத்து அரிய மரமான கலமந்தர், அடுக்குப் பெயின்ற், உள்ளங்கையைவிடப் பெரிய திட்டு: இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் கைவைப்பதில்லை. அடியில் தெரியும் நிறம் பழைய அலங்கார ஓவியமாக இருக்கலாம் என்று தோன்றினாலும் அப்படியே. மொறட்டுவையில் நல்ல தச்சுப் பாஸ்மார் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்குப் பழகிய வேலை, முழுப் பொருளையும் தேய்த்து லக்கர் விசிறிப் புதிதாக்குவது. ஆகவே விலை பேசுமுன் கேட்க வேண்டும்: "பாஸ், துளியை மட்டும் எடுப்பீங்களா, முழுசையும் தேய்ப்பீங்களா? மேலே திரும்ப அரக்கா அடிப்பீங்க, லக்கரா?" கையால் அரக்குப் பொலிஷ் போடத் தெரிந்தவர் இந்தக் கேள்விக்குத் தடுமாற மாட்டார். காஸ்டிக் சோடா கரைத்த நீரில் ஊறவைப்பதாகச் சொன்னால் கொடுக்கக் கூடாது. மரம் கறுக்கும், மூட்டுகளும் கழலும்.

அவரை அழைக்குமுன், பகல் வெளிச்சத்தில் சாய்வாகப் பிடித்த இரண்டு படங்களும், அடிப்பூச்சுச் சோதனையின் முடிவும், இதுவரை என்னென்ன தொட்டீர்கள் என்ற ஒழுங்கான பட்டியலும் கையில் இருக்கட்டும். தின்னர் தொட்டிருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அவர் வரும்வரை அந்த இடத்தில் மெழுகோ எண்ணெயோ பூசி மறைக்காமல் வெறுமையாக விட வேண்டும். பூசினால் அவர் முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்க நேரிடும்.